காபியும் கருவும்: அளவு பாதி, நேரம் பாதி

குழந்தை வரம் கேட்டு மாங்காட்டுக்கு வருகிறவர்கள் ஏராளம். காமாட்சி அம்மன் கோயிலுக்கு எலுமிச்சம்பழத்தோடு ஆறு வாரம் தொடர்ந்து வந்து வழிபட்டால் வேண்டியது கைகூடும் என்பது இந்த ஊரின் நம்பிக்கை. பூந்தமல்லிக்கும் குன்றத்தூருக்கும் நடுவில் இருக்கும் இந்த ஊரைச் சுற்றி ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கும் போரூர் ஐ.டி. அலுவலகங்களுக்கும் போய்வரும் இளம் குடும்பங்கள் நிறைய. காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கும் முன் ஒரு டம்ளர் காபி, பத்தரைக்கு ஒரு டீ, மதியச் சாப்பாட்டுக்குப் பின் கண் சொக்கும்போது இன்னொரு டீ, வீடு திரும்பியதும் மறுபடி ஒரு ஃபில்டர் காபி. வேலைக்குப் போகும் பல பெண்களின் நாள் இந்த நான்கு நிறுத்தங்களில்தான் நகர்கிறது.

குழந்தைக்காகக் காத்திருக்கத் தொடங்கியதும், அல்லது நாள் தள்ளிப்போனது தெரிந்ததும், இந்த டம்ளரைப் பற்றி ஆளுக்கொரு பேச்சு எழுகிறது. "காபி சூடு, கரு தங்காதும்மா" என்பார் ஒருவர். "குழந்தை கறுப்பாப் பொறக்கும்" என்பார் இன்னொருவர். "நாங்க நாலு வேளை குடிச்சோம், எங்க பிள்ளைங்களுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்பார் மூன்றாமவர். எல்லோரும் அக்கறையோடுதான் பேசுகிறார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் பெண்ணுக்குத்தான் குழப்பமும் பயமும் மிஞ்சுகின்றன.

இந்தக் கட்டுரை சொல்லவிருப்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கர்ப்பிணி காபியை அடியோடு விட வேண்டியதில்லை. நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் காஃபீனுக்குள் நிறுத்திக்கொண்டால் போதும். ஆனால் அந்த டம்ளரை எந்த நேரத்தில் குடிக்கிறோம் என்பது, ரத்தசோகை மலிந்த நம் மாநிலத்தில், அளவுக்குச் சமமாக முக்கியம். அளவைப் பற்றி உலகமே பேசுகிறது. நேரத்தைப் பற்றி நம் வீடுகளில் யாரும் பேசுவதில்லை.

டம்ளரில் எவ்வளவு?

காஃபீனைக் காபிக்கொட்டையிலிருந்து 1819-ல் முதன்முதலாகப் பிரித்தெடுத்தவர் ஜெர்மானிய வேதியியலாளர் ஃப்ரீட்லீப் ரூங்கே. காபிச் செடியும் தேயிலைச் செடியும் பூச்சிகளை விரட்டத் தமக்குள் தயாரித்துக்கொள்ளும் பொருள் அது. நம் உடம்பில் அது செய்யும் வேலை வேறு. நாள் முழுக்க உழைக்க உழைக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது தனக்குரிய ஏற்பிகளில் போய் அமரும்போது நமக்கு அசதியும் தூக்கமும் வரும். காஃபீனின் வடிவம் அடினோசினை ஒத்திருப்பதால், வேறொருவர் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல் அந்த ஏற்பிகளில் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. அசதி எங்கும் போய்விடவில்லை. அதை அறிவிக்கும் செய்திதான் தடைபடுகிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் நமக்குப் பழக்கமான பானங்களின் கணக்கு இருக்கிறது. (இன்று ஹைதராபாத்தில் இருக்கும் அந்த நிறுவனம், 1918-ல் நம் குன்னூரில், பாஸ்டர் ஆய்வகத்தின் ஒரே ஓர் அறையில் தொடங்கியது.) வடித்தெடுத்த காபி 150 மில்லியில் 80 முதல் 120 மி.கி. காஃபீன், இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65 மி.கி., ஒரு வேளை டீயில் 30 முதல் 65 மி.கி. என்கிறது அது.

நம் ஃபில்டர் காபிக்கு இந்தக் கணக்கு பொருந்துமா என்று போட்டுப் பார்க்கலாம். அராபிகா கொட்டையில் எடைக்குச் சுமார் 1.2 சதவீதமும் ரோபஸ்டாவில் சுமார் 2.2 சதவீதமும் காஃபீன் உண்டு. சிக்கரி வேரில் காஃபீனே கிடையாது. ஒரு டம்ளருக்கு 8 கிராம் பொடி, அதில் ஐந்தில் ஒரு பங்கு சிக்கரி, மீதியில் இரண்டு கொட்டையும் சரிபாதி என்று வைத்துக்கொண்டால் 109 மி.கி. வருகிறது. கொஞ்சம் சக்கையிலேயே தங்கிவிடும். ஆகவே முதல் டிகாக்‌ஷனில் கலந்த திடமான ஒரு டம்ளருக்கு 100 மி.கி. என்று கொள்வது பொருத்தமானது. இரண்டாவது டிகாக்‌ஷனில் அதைவிடக் குறைவு. காபியும் சிக்கரியும் கலந்த பொடியில் காபி குறைந்தது 51 சதவீதமாவது இருக்க வேண்டும், விகிதத்தைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு உணவுத் தர விதி. பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் வீட்டுக் காபியின் பலம் தெரிந்துவிடும்.

மேலே சொன்ன கம்பெனி பஸ் பெண்ணின் நாளைக் கூட்டிப் பாருங்கள். இரண்டு ஃபில்டர் காபி 200, இரண்டு டீ சுமார் 90. மொத்தம் 290 மி.கி. கர்ப்ப காலத்துக்கு இது அதிகம். ஒரு காபியையும் ஒரு டீயையும் விட்டுவிட்டால் 150-க்குள் வந்துவிடும். அவ்வளவுதான் வேண்டியது.

எண்ணும்போது விட்டுப்போகிறவை சில உண்டு. கோலா பானங்கள், சாக்லேட், கிரீன் டீ ஆகியவற்றில் காஃபீன் இருக்கிறது. பாரசிட்டமாலோடு காஃபீன் கலந்த தலைவலி மாத்திரைகளும் கடைகளில் கிடைக்கின்றன; கர்ப்ப காலத்தில் மருத்துவரைக் கேட்காமல் அவற்றைத் தொடக் கூடாது. எனர்ஜி டிரிங்க் எனப்படும் பானங்களில் லிட்டருக்கு 145 முதல் 300 மி.கி. வரை காஃபீன் இருக்கலாம் என்று நம் உணவுத் தர ஆணையம் வரையறுத்திருக்கிறது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் ஏற்றதல்ல என்று டப்பாவிலேயே அச்சிட வேண்டும் என்றும் விதித்திருக்கிறது. இரவு ஷிப்டில் கண் விழிக்க அதை நாடுகிறவர்கள் அந்தச் சின்ன எழுத்தைப் படிக்க வேண்டும்.

சுக்கு மல்லி காபியில் காபிப் பொடி சேர்க்காதவரை காஃபீன் கிடையாது. கருப்பட்டிக் காபி அப்படியல்ல. அதில் மாறியது இனிப்பு மட்டுமே.

உடம்பில் எவ்வளவு நேரம்?

காஃபீனைச் சிதைத்து வெளியேற்றுவது கல்லீரலிலுள்ள ஒரு நொதி. உடம்பில் இருக்கும் காஃபீன் பாதியாகக் குறைய எடுக்கும் நேரத்தை அதன் அரை ஆயுள் என்பார்கள். சாதாரணமாக அது சுமார் 5 மணி நேரம். மாலை 4 மணிக்கு 100 மி.கி. குடித்தால் இரவு 9 மணிக்கு 50, அதிகாலை 2 மணிக்கு 25 மீதமிருக்கும்.

கர்ப்பம் முன்னேற முன்னேற அந்த நொதியின் வேகம் தளர்கிறது. நடு மாதங்களில் அரை ஆயுள் சுமார் 10 மணி நேரமாகவும், கடைசி மாதங்களில் 15 முதல் 18 மணி நேரமாகவும் நீள்கிறது. எட்டு மாதக் கர்ப்பிணி மாலை 4 மணிக்குக் குடித்த காபியின் பாதி, மறுநாள் காலை 7 மணிக்கும் அவர் ரத்தத்தில்தான் இருக்கும். அதன்மேல் காலைக் காபி சேர்கிறது. தினமும் 200 மி.கி. குடிப்பவரின் உடம்பில், அரை ஆயுள் 5 மணியாக இருக்கையில் சராசரியாக எந்நேரமும் 60 மி.கி. நிற்கும். 15 மணியாகும்போது 180 மி.கி. நிற்கும். குடித்த அளவு மாறவில்லை. உள்ளே நிற்பது மூன்று மடங்காகிவிட்டது. "எப்பவும் குடிக்கிறதுதானே குடிக்கிறேன், இப்ப மட்டும் ஏன் படபடப்பா இருக்கு, தூக்கம் வரல?" என்று ஏழாம் மாதத்தில் கேட்கும் பெண்ணுக்கு விடை இதுதான்.

நஞ்சுக்கொடி காஃபீனைத் தடுப்பதில்லை. தாயின் ரத்தத்தில் ஓடுவது குழந்தையின் ரத்தத்துக்கும் போகிறது. அதைச் சிதைக்கும் நொதி கருவிலிருக்கும் குழந்தைக்கு இன்னும் உருவாகவில்லை. தாயின் உடம்பு வெளியேற்றும் வேகத்தைத்தான் அது நம்பியிருக்கிறது. அளவு வைத்துக்கொள்ளச் சொல்வதற்கு அடிப்படை இந்த உடலியல் உண்மை.

காத்திருக்கும் மாதங்களில்

காபிக்கும் கருத்தரிப்புக்கும் முடிச்சுப் போடும் பயம் 1988-ல் பரவலானது. அந்த ஆண்டு "தி லான்செட்" மருத்துவ இதழில் ஆலன் வில்காக்ஸ் குழுவினர் 104 பெண்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நாளுக்கு ஒரு கோப்பைக் காபிக்கு மேல் காஃபீன் எடுத்தவர்கள் ஒரு மாதச் சுழற்சியில் கருத்தரிக்கும் வாய்ப்பு மற்றவர்களின் வாய்ப்பில் பாதியாக இருந்தது என்றது அது. செய்தி உலகம் சுற்றியது. பிறகு வந்த பெரிய ஆய்வுகளில் அந்த முடிவு நிற்கவில்லை. டென்மார்க்கில் குழந்தைக்கு முயன்றுகொண்டிருந்த 3,628 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2012-ல் வெளியான ஆய்வில், காபியோ மொத்தக் காஃபீனோ கருத்தரிப்பைத் தாமதப்படுத்தியதாகத் தெளிவான தடயம் எதுவும் இல்லை.

ஆகவே மாதாமாதம் காத்திருந்து மனம் நொந்துபோகும் ஒரு பெண்ணிடம், "நீ காபி குடிக்கிறதாலதான்" என்று சொல்ல அறிவியலில் இடமில்லை. நாளைக்கு ஒன்றிரண்டு டம்ளர் அவர் கருத்தரிப்பதைத் தடுத்துவிடாது. உண்மையிலேயே பயன் தரும் வேலைகள் வேறு. கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொள்வது, குழந்தையின் முதுகுத்தண்டு, மூளை சார்ந்த பிறவிக் குறைகளைக் கணிசமாகத் தடுக்கும். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை அளவுகளைப் பார்த்துக்கொள்வதும் அப்படியே.

கணவருக்கும் இதில் பங்குண்டு. அமெரிக்காவின் மிச்சிகன், டெக்சாஸ் மாநிலங்களில் 344 தம்பதிகளைக் கவனித்து 2016-ல் வெளியான ஆய்வில், கருத்தரிப்பதற்கு முந்தைய வாரங்களில் நாளுக்கு இரண்டுக்கு மேல் காஃபீன் பானங்கள் குடித்தவர்களுக்குக் கருச்சிதைவு கூடுதலாக இருந்தது. குடித்தது மனைவியானாலும் கணவரானாலும் கூடுதல் ஏறத்தாழ ஒரே அளவு. இது தொடர்பைக் காட்டும் ஆய்வுதான், காரணத்தை நிறுவவில்லை. ஆனாலும் மனைவியின் டம்ளரை மட்டும் எல்லோரும் எண்ணிக்கொண்டிருப்பது நியாயமில்லை என்பதற்கு இது போதும். டீக்கடையில் டீயோடு சேர்த்துப் பற்றவைக்கும் சிகரெட், டீயைவிடப் பல மடங்கு கெடுதல். அது விந்தணுவைப் பாதிக்கிறது. வீட்டுக்குள் புகைத்தால் கர்ப்பிணியையும் பாதிக்கிறது. குழந்தைக்காக ஒன்றை விட வேண்டுமென்றால் முதலில் விட வேண்டியது அதுதான்.

மசக்கை சொல்லும் செய்தி

கரு கலைந்த வீடுகளில் எழும் கேள்வி கொடுமையானது: "என்ன சாப்பிட்ட? என்ன குடிச்ச?" உறுதியாகத் தெரிந்த கர்ப்பங்களிலேயே 100-க்கு 10 முதல் 15 வரை கலைந்துபோகின்றன. முதல் மூன்று மாதங்களில் கலைபவற்றில் ஏறக்குறைய பாதி, கருவின் குரோமோசோம் பிழையால் நேர்வது. அதைத் தாயின் எந்தச் செயலும் உண்டாக்கவில்லை. எந்தக் கட்டுப்பாடும் தடுத்திருக்காது.

அதிகக் காபி குடித்தவர்களுக்குக் கருச்சிதைவு அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டுவது உண்மை. அவற்றைப் படிக்கும்போது ஒரு சிக்கலை மனத்தில் வைக்க வேண்டும். கர்ப்பம் நல்லபடி ஊன்றும்போது ஹார்மோன்கள் பெருகுகின்றன. அவற்றோடு மசக்கையும் வலுக்கிறது. காபி வாசனை பட்டாலே குமட்டுகிறது. டம்ளரைத் தள்ளி வைத்துவிடுகிறார்கள். ஊன்றாத கர்ப்பத்தில் மசக்கை பலமாக இருப்பதில்லை; அந்தப் பெண்கள் வழக்கம்போல் காபி குடிக்கிறார்கள். பிறகு கணக்கெடுத்தால் காபி குடித்தவர்களுக்குக் கரு கலைந்ததாகத் தெரியும். உண்மையில் கரு ஊன்றாததால்தான் காபி தொடர்ந்தது என்பதும் சாத்தியம். சீனா ஸ்டெய்ன், மெர்வின் சஸ்ஸர் என்ற இரு தொற்றுநோயியல் அறிஞர்கள் 1991-லேயே இதைச் சுட்டிக்காட்டினார்கள். மசக்கையையும் கணக்கில் எடுக்கும் ஆய்வுகளில்கூட மிக அதிகக் காஃபீன் பற்றிய கவலை முழுதாக மறைந்துவிடவில்லை. அதனால்தான் வரம்பு சொல்கிறார்கள். ஆனால் ஒரு டம்ளர் காபி குடித்ததை நினைத்து ஒரு பெண் ஆயுள் முழுக்கத் தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை.

நிறத்தைப் பற்றிய பேச்சுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். குழந்தையின் தோல் நிறம் பெற்றோரின் மரபணுக்களில் வருவது. காபி கறுக்க வைப்பதுமில்லை, குங்குமப்பூ வெளுக்க வைப்பதுமில்லை. கறுப்பாகப் பிறப்பதை ஒரு குறையாக எண்ணுவதுதான் நாம் குழந்தைக்கு முன்கூட்டியே செய்யும் தீங்கு.

200 என்ற எண்

உலகச் சுகாதார நிறுவனம் 2016-ல் வெளியிட்ட கர்ப்பகாலப் பராமரிப்புப் பரிந்துரையில், நாளுக்கு 300 மி.கி.க்கு மேல் காஃபீன் எடுப்பவர்கள் அதைக் குறைக்க வேண்டும் என்கிறது. கருச்சிதைவும் எடை குறைந்த பிரசவமும் குறையக்கூடும் என்பது காரணம். அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் அமைப்பு 2010-ல், 200 மி.கி.க்குக் குறைவான அளவு கருச்சிதைவுக்கோ குறைப்பிரசவத்துக்கோ பெரிய காரணமாகத் தெரியவில்லை என்றது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுவோருக்கும் 200 என்று வைத்தது. பிரிட்டன் 2008-ல் தன் வரம்பை 300-லிருந்து 200-க்கு இறக்கியது. லீட்ஸ், லெஸ்டர் நகரங்களில் 2,635 கர்ப்பிணிகளை ஆராய்ந்ததில், காஃபீன் கூடக் கூடக் குழந்தை வளர்ச்சி குன்றும் வாய்ப்பு கூடியதாகத் தெரிந்ததே அதற்குக் காரணம்.

இரண்டு ஆய்வுகளை அருகருகே வைத்தால் நிலைமை தெளிவாகும். டென்மார்க்கில் தினமும் குறைந்தது மூன்று கோப்பை குடித்துவந்த 1,207 கர்ப்பிணிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குச் சாதாரணக் காபியும் மற்றதற்குக் காஃபீன் நீக்கிய காபியும் கொடுத்தார்கள். நாளுக்குச் சுமார் 180 மி.கி. காஃபீன் குறைந்தும் குழந்தைகளின் சராசரி எடையில் வேறுபாடு வெறும் 16 கிராம். புள்ளியியல்படி அது பொருட்படுத்தத் தக்கதல்ல. முடிவு 2007-ல் வெளியானது. அந்தப் பெண்கள் ஆய்வில் சேர்ந்தது கர்ப்பம் சில மாதங்கள் கடந்த பிறகு.

மற்றொன்று அமெரிக்காவில் 12 மருத்துவ மையங்களில் 2,055 பெண்களிடம் நடந்து 2021-ல் வெளியானது. அதில் முதல் மூன்று மாதங்களிலேயே ரத்தத்தில் காஃபீனை நேரடியாக அளந்தார்கள். மிக அதிக அளவு இருந்தவர்களின் குழந்தைகள், மிகக் குறைவாக இருந்தவர்களின் குழந்தைகளைவிடச் சராசரியாக 84 கிராம் குறைந்திருந்தன. நாளுக்கு 50 மி.கி. அளவு குடித்ததாகச் சொன்னவர்களிடமும், குடிக்காதவர்களோடு ஒப்பிட்டால் 66 கிராம் குறைவு.

மூன்று கிலோ குழந்தைக்கு 66 கிராம் பெரிதல்ல. ஆனால் எடை குறைந்த பிறப்பு என்று மருத்துவம் சொல்லும் 2.5 கிலோ எல்லைக்கோட்டை ஒட்டிப் பிறக்கும் குழந்தைகள் நம் நாட்டில் அதிகம். அவர்களுக்கு ஒவ்வொரு கிராமும் கணக்கு. ஆகவே 200-ஐத் தினமும் எட்ட வேண்டிய இலக்காகக் கொள்ள வேண்டாம். தாண்டக் கூடாத வரம்பாகக் கொள்ளுங்கள். நாளுக்கு ஒரு காபியோடு நிற்பவர் நல்ல இடத்தில் நிற்கிறார்.

இரும்பு: நம் ஊரின் பெரிய கவலை

மேலை நாட்டுக் கட்டுரைகள் காஃபீனோடு முடிந்துவிடும். நம் ஊரில் அங்கே முடிக்க முடியாது. 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் 100-க்கு 48 பேருக்கு ரத்தசோகை. அதாவது ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே. குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை, பிரசவத்தின்போது ரத்தப்போக்கைத் தாங்க முடியாமல் தாய் உயிரிழப்பது என்று ரத்தசோகை கொண்டுவரும் ஆபத்துகள் காஃபீனைப் பற்றிய எந்தக் கவலையையும்விடப் பெரியவை. ஐயத்துக்கு இடமில்லாமல் நிறுவப்பட்டவை.

காபியிலும் டீயிலும் காஃபீன் தவிர பாலிஃபீனால்கள் என்ற சேர்மங்கள் உண்டு. துவர்ப்புக்கு அவையும் காரணம். கீரை, பருப்பு, தானியம் போன்ற தாவர உணவுகளிலுள்ள இரும்போடு குடலில் இவை பிணைந்துகொள்ளும். பிணைந்த இரும்பை உடல் உறிஞ்ச முடியாது. 1983-ல் மோர்க், லிஞ்ச், குக் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு இதை அளந்து காட்டியது. சாப்பாட்டோடு ஒரு கோப்பைக் காபி குடித்தபோது இரும்பு உறிஞ்சப்படுவது 39 சதவீதம் குறைந்தது. டீ குடித்தபோது 64 சதவீதம் குறைந்தது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்த காபியால் பாதிப்பு இல்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தது, சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்த அளவுக்கே தடுத்தது. காஃபீன் நீக்கிய காபிக்கு மாறினாலும் இந்தச் சிக்கல் தீராது. பாலிஃபீனால்கள் அதிலும் இருக்கின்றன.

இட்லி சாப்பிட்ட கையோடு காபி என்பது நம் வழக்கம். மதியம் கீரையும் சாம்பாரும் சாப்பிட்டுவிட்டு அரை மணியில் டீ குடிப்பதும் அப்படியே. காபியில் சேரும் பாலின் சுண்ணாம்புச் சத்தும் இரும்பு உள்ளே போவதைக் கொஞ்சம் குறைக்கும். கர்ப்பிணி சாப்பிட வேண்டும் என்று வீடே பார்த்துப் பார்த்துச் சமைத்த கீரையின் பயனில் ஒரு பகுதி இப்படி வீணாகிறது.

மாத்திரைக்கும் இதே கதைதான். நான்காம் மாதம் தொடங்கி 180 நாள், பிரசவத்துக்குப் பின் இன்னொரு 180 நாள், தினமும் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட மாத்திரையை அரசு ஆரம்பச் சுகாதார நிலையங்கள் இலவசமாகத் தருகின்றன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் இரும்புச் சத்து டானிக்கும் பேரீச்சம்பழமும் வருகின்றன. இத்தனையும் கைக்கு வந்த பிறகு, மாத்திரையைக் காபியோடு விழுங்கினால் அரசின் செலவும் அந்தப் பெண்ணின் பொறுமையும் பாதி வீண். குமட்டல், மலச்சிக்கல், மலம் கறுத்துப்போதல் எல்லாவற்றையும் சகித்துக்கொண்டு மாத்திரை எடுக்கும் பெண்ணுக்கு அதன் முழுப் பயனும் சேர வேண்டும்.

செய்ய வேண்டியது எளிது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழிகாட்டி, சாப்பாட்டுக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் காபி, டீ வேண்டாம் என்கிறது; மேலே பார்த்த ஆய்வின்படி, சாப்பிட்ட பின் அதற்கும் அதிக நேரம் விடுவது நல்லது. மாத்திரைக்கும் அதே விலகல் வேண்டும். வெறும் வயிற்றில் இரும்பு நன்றாக ஏறும். குமட்டினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம், அந்நேரம் காபி, டீயின் குறுக்கீடு இருக்காது. கால்சியம் மாத்திரையை அதோடு சேர்த்துப் போடக் கூடாது. இரண்டு மணி நேரமாவது தள்ளிப் போட வேண்டும். வைட்டமின் சி இரும்பை உடல் ஏற்கும் வடிவத்தில் வைத்திருக்க உதவும். மாங்காட்டில் எலுமிச்சம்பழத்துக்குப் பஞ்சமில்லை. அரை மூடி பிழிந்த தண்ணீரோடு மாத்திரையை விழுங்கினால், காபி தடுத்ததற்கு நேர் எதிரான வேலை நடக்கும்.

பால் கொடுக்கும் மாதங்களில்

பிரசவம் முடிந்ததும் தாயின் கல்லீரல் சில வாரங்களில் பழைய வேகத்துக்குத் திரும்பிவிடுகிறது. குழந்தையின் கல்லீரலுக்கு மாதங்கள் தேவை. பிறந்த குழந்தையின் உடம்பில் காஃபீனின் அரை ஆயுள் 80 முதல் 100 மணி நேரம். மூன்று முதல் ஐந்து மாதத்தில் அது சுமார் 14 மணியாக இறங்கும். ஆறு மாதத்துக்குப் பின் பெரியவர்களின் வேகம் வந்துவிடும்.

இதை மருத்துவம் நன்மைக்கும் பயன்படுத்தியிருக்கிறது. குறைமாதக் குழந்தைகள் மூச்சு விட மறந்துவிடுவதுண்டு. அவர்களுக்குப் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கொடுக்கும் மருந்து காஃபீன் சிட்ரேட். 500 முதல் 1,250 கிராம் எடையில் பிறந்த 2,006 குழந்தைகளிடம் நடந்து 2006-ல் வெளியான பன்னாட்டு ஆய்வு, அது நுரையீரல் பாதிப்பைக் குறைப்பதைக் காட்டியது. அரை ஆயுள் அவ்வளவு நீளம் என்பதால் நாளுக்கு ஒரு வேளை கொடுத்தாலே போதுமாகிறது. கிராமுக்குக் கிராம் எடை பார்த்து, இதயத் துடிப்பைக் கண்காணித்துக் கொடுக்கும் மருந்து அது.

தாய் குடித்த காஃபீன் சுமார் ஒரு மணி நேரத்தில் தாய்ப்பாலில் உச்சத்தை எட்டும். போகும் அளவு சிறிது. ஆனால் பிறந்து சில வாரமே ஆன குழந்தை வெளியேற்ற முடியாமல் நாளுக்கு நாள் சேர்த்துக்கொள்ளும் என்பதால், முதல் மாதங்களில் 200 மி.கி. வரம்பைத் தொடர்வது நல்லது. குறைமாதக் குழந்தையானால் இன்னும் குறைக்க வேண்டும். குழந்தை காரணமின்றிச் சிணுங்கி, தூங்காமல் விழித்துக்கொண்டே இருந்தால் சில நாள் காபியைக் குறைத்துப் பார்க்கலாம். எல்லா விழிப்புக்கும் காபி காரணமல்ல: பிரேசிலின் பெலோட்டாஸ் நகரில் 885 குழந்தைகளைக் கவனித்த 2012-ம் ஆண்டு ஆய்வில், தாய்மார் நிறையக் காஃபீன் எடுத்தபோதும் மூன்று மாதக் குழந்தைகள் இரவில் விழிப்பது கூடவில்லை. பால் கொடுத்த உடனே காபி குடித்தால் அடுத்த வேளைப் பாலுக்குள் தாய் ரத்தத்தில் அளவு கொஞ்சம் இறங்கியிருக்கும். காபி குடித்துவிட்டோமே என்று எந்த நிலையிலும் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது.

இரும்பு இங்கும் தொடர்கிறது. கோஸ்டா ரிகாவில் 1988-ல் வெளியான ஓர் ஆய்வில், கர்ப்ப காலத்திலும் பாலூட்டும்போதும் தினமும் 450 மில்லிக்கு மேல் காபி குடித்த தாய்மாரின் பாலில் இரும்புச் சத்து மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பேறுகாலத்துக்குப் பின்னும் ஆறு மாதம் மாத்திரை ஏன், காபியிலிருந்து அதைத் தள்ளி வைப்பது ஏன் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீடும் சுகாதார நிலையமும்

காபியைக் குறைப்பவர்கள் ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். பழகிய உடம்பு ஒரு நாளுக்குள் தலைவலி காட்டும். முதலில் சாயங்காலத்து டம்ளரைப் பாதியாக்கலாம். அடுத்த வாரம் அதன் இடத்தில் சுக்கு மல்லி காபி வரலாம். கர்ப்பத்தில் ரத்த அழுத்தம், இதயப் படபடப்பு, தூக்கமின்மை உள்ளவர்கள் தங்கள் அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

இதை அந்தப் பெண் மட்டும் சுமக்கக் கூடாது. பெரும்பாலான வீடுகளில் காபி எப்போது வரும் என்பதைத் தீர்மானிப்பவர் அவரல்லர். சிற்றுண்டிக்கு ஒரு மணி நேரம் முன்பே காலைக் காபியைக் கலந்து கொடுக்க மாமியாரால் முடியும். இரவு மாத்திரையையும் எலுமிச்சைத் தண்ணீரையும் எடுத்துக் கொடுக்கக் கணவரால் முடியும். சாப்பாட்டு இடைவேளையையும் டீ இடைவேளையையும் ஒட்டி வைக்காமலிருக்கத் தொழிற்சாலைகளால் முடியும்.

மாத்திரை அட்டையைக் கையில் கொடுக்கும் நகர்ப்புறச் சுகாதாரச் செவிலியர் ஒரே ஒரு வாக்கியம் சேர்த்துச் சொன்னால் போதும்: "காபி, டீ குடிச்சு ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் இதைப் போடணும், போட்ட பிறகும் ஒரு மணி நேரமாவது குடிக்கக் கூடாதும்மா." அதையே தாய்சேய் நல அட்டையிலும் மாத்திரை உறையிலும் பெரிய எழுத்தில் அச்சிடலாம். கூடுதல் செலவு கிடையாது, புதிய மருந்தும் வேண்டாம். ஏறக்குறைய பாதிக் கர்ப்பிணிகள் ரத்தசோகையோடு இருக்கும் மாநிலத்தில், காபியைப் பற்றி முதலில் சொல்லித்தர வேண்டிய பாடம் அந்த ஒரு மணி நேரம்.